குளிர்ந்த எஞ்சினின் குரல்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தையும் வண்டலூரையும் இணைக்கும் பெருஞ்சாலையின்மீது அமைந்த ஊர் பெருங்களத்தூர். அங்கே வாழும் எனக்கு விடியற்காலை என்றதும் இரண்டு ஓசைகள் நினைவுக்கு வரும். ஒன்று மின்சார ரயிலின் ஊதல். மற்றொன்று, இரவெல்லாம் வாசலில் குளிர்ந்து கிடந்த டீசல் கார் முதன்முதலாக உயிர்பெறும்போது எழுப்பும் 'கடகட' என்னும் முழக்கம். முதல் ஓசையைப் பற்றி எவரும் கவலைகொள்வதில்லை. இரண்டாவது ஓசை வழக்கத்தினின்று சற்றே மாறினாலும் ஒரு குடும்பத்தின் வயிற்றில் புளியைக் கரைத்துவிடும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த எஞ்சின்தான் நிலம், அதுதான் ஏர்மாடு.

இந்த ஓசையைக் கேட்பவர் இருவகையாகத் தவறக்கூடும். நலமாக உள்ள எஞ்சினை நோயுற்றது என்று கருதிப் பிரித்துப்போடுவது ஒரு வகை. நோயுற்ற எஞ்சினை, "குளிர்தானே, சூடானால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது மற்றொரு வகை. முன்னது பணத்தைத் தின்னும். பின்னது எஞ்சினையே தின்னும். இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழியை மனிதர் ஒரே நாளில் கண்டுவிடவில்லை. அதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. மாணவர்களாகிய நீங்கள் அறிந்துகொள்ளத்தக்க அவ்வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் 'குளிர்' என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நன்கு ஓடிச் சூடேறிய எஞ்சினைச் சுற்றியோடும் நீரின் வெப்பநிலை சுமார் 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை இருக்கும். சென்னையில் மார்கழி விடியலில் காற்றின் வெப்பநிலை சுமார் 20 பாகை. சித்திரை விடியலில் 27 அல்லது 28 பாகை. நமக்கு மார்கழி வேறு, சித்திரை வேறு. எஞ்சினுக்கோ இரண்டும் குளிர்காலமே. ஆகவே, பனி பெய்யாத நம் நாட்டிலும் குளிர்ந்த எஞ்சினின் தொல்லை ஆண்டு முழுவதும் உண்டு.

டீசல் எஞ்சினுக்கு மட்டும் இத்தொல்லை ஏன் மிகுதி? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். பம்பை வேகமாக அழுத்தினால் அதன் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அமுக்கப்பட்ட காற்று சூடேறும் என்ற இந்த எளிய உண்மையின்மேல் தன் கனவைக் கட்டியவர் ருடால்ஃப் டீசல். 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்து, ஜெர்மனியில் மியூனிக் நகரில் பயின்ற பொறியாளர் அவர். பெட்ரோல் எஞ்சினில் ஒரு மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசலின் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் பிஸ்டன் அமுக்குகிறது. அப்போது காற்று 500 பாகைக்கும் மேலாகக் கொதிப்பேறுகிறது. அந்நேரத்தில் எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்கிறது.

1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் நகரில் முதல் சோதனை நடந்தது. எரிபொருள் பற்றிக்கொண்டது, ஆனால் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மனம் தளரவில்லை. 1894 பிப்ரவரி 17-இல் அவருடைய எஞ்சின் முதன்முதலாகத் தன் சொந்த ஆற்றலால் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17-இல், பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தபோது எரிபொருளின் வெப்பத்தில் 26 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாறியது தெரியவந்தது. அக்கால நீராவி எஞ்சின்கள் எட்டிப்பிடிக்க இயலாத அளவு அது.

ஆயினும் அந்த எஞ்சின் காருக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின. எண்ணெயைத் தூவுவதற்குப் பெரியதொரு காற்றமுக்கி தேவைப்பட்டதே காரணம். 1927-இல் ராபர்ட் போஷ் நிறுவனம் சிறிய எரிபொருள் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியபின் வழி திறந்தது. 1936-இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் கார் அரங்கேறியது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப அதில் ஒரு முன்னேற்பாடு இருந்தது. சிலிண்டரோடு இணைந்த சிற்றறையில் ஒரு சிறு கம்பி மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்து வெப்பம் தரும். இன்று நம் மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்று சொல்வது இதன் வழித்தோன்றலே.

கார் கிளம்பிவிட்டது, ஆனால் ஓசை அடங்கவில்லை. சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற அந்த ஓசை எங்கிருந்து வருகிறது? தளர்ந்த உறுப்புகளிலிருந்து வருகிறது என்று எண்ணுவது இயல்பு. அப்படியன்று என்று விளக்கியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ. எண்ணெய் தூவப்பட்ட கணத்திலேயே பற்றிக்கொள்வதில்லை. சிறிது நேரம் தயங்குகிறது என்பது அவர் தெளிவாக்கிய உண்மை. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து சூடேற அந்த நேரம் வேண்டும். அதைத் தாமதக் காலம் எனலாம். அதனை அடுத்துச் சடுதியான எரிவும், பிறகு கட்டுக்குள் அடங்கிய எரிவும் நிகழ்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழலும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், 6 பாகைக் கோணம் திரும்பிவிடும். தாமதம் அவ்வளவே என்றால் அதற்குள் உட்புகுந்த எண்ணெய் சிறிது. சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருந்து, தாமதம் இருமடங்கானால், தேங்கும் எண்ணெயும் ஏறத்தாழ இருமடங்காகும். தேங்கியது முழுவதும் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். அழுத்தம் படிப்படியாக ஏறாமல் பாய்ந்து ஏறும். அந்த அடி இரும்புச் சுவரை அதிரச் செய்யும். விடியற்காலை 'கடகட' என்பது இந்த அதிர்வே. எஞ்சின் சூடேறியதும் தாமதம் குறைகிறது, ஓசை தணிகிறது. ஆகவே அளவோடு எழுந்து சில நிமிடங்களில் அடங்கும் ஓசை நோயன்று, எஞ்சினின் இயல்பு.

இங்கே ஒரு வியப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினிலும் 'நாக்கிங்' என்னும் தட்டோசை உண்டு. அங்கே எரிபொருள் காலத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்வதால் அது எழுகிறது. டீசலிலோ காலந்தாழ்த்திப் பற்றுவதால் எழுகிறது. ஒரே ஓசை, நேர்மாறான காரணங்கள். எனவேதான் பெட்ரோலை மதிப்பிட ஆக்டேன் எண்ணும், டீசலை மதிப்பிட அதற்கு எதிரான அளவுகோலும் தேவைப்பட்டன. 1930-களின் தொடக்கத்தில் பூர்லாகே, புரூசே என்னும் டச்சு ஆய்வாளர்கள் காட்டிய வழியில் பிறந்ததே செட்டேன் எண். அது உயர உயரத் தயக்கம் குறையும். 2020 ஏப்ரல் முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 தரத்தின்படி டீசலின் செட்டேன் எண் 51-க்குக் குறையக் கூடாது. காதால் கேட்டு அஞ்சிய ஓசை, இவ்வாறு எண்ணால் அளக்கக்கூடிய பொருளாயிற்று.

இவ்வரலாறு ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. நம் வாசலுக்கும் வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டுறவு கொண்டு 1948-இல் சென்னையில் தோன்றியது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வேன்கார்டு காரைப் பூட்டி விற்பதில் தொடங்கிய அந்நிறுவனத்தின் தொழிற்சாலை, பெருங்களத்தூர் வண்டலூர் பக்கத்தில் பெருஞ்சாலையோரம் நின்றது. ஹெரால்டு, கெஸல் என்னும் அதன் கார்கள் பெட்ரோலில் ஓடியவை. உற்பத்தி 1988-இல் நின்றுபோயிற்று. ஆனால் தாய் நிறுவனமாகிய கவென்ட்ரி ஸ்டாண்டர்டு, டீசலிலும் தன் கையைச் சோதித்துப் பார்த்தது. 1954-இல் வேன்கார்டு காரிலேயே டீசல் எஞ்சினைப் பொருத்தி வெளியிட்டது. பிரிட்டனில் தயாரித்து விற்கப்பட்ட முதல் டீசல் கார் அதுவே. ஃபெர்குசன் டிராக்டருக்கும் அதே குடும்பத்து எஞ்சினே பயன்பட்டது.

அதன் பின்வந்த மாசி ஃபெர்குசன் 35 டிராக்டரின் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு டீசல் எஞ்சின், குளிர்ந்த காலையில் எளிதில் கிளம்பாது என்று உழவர்களிடம் கெட்ட பெயர் எடுத்தது. 1959-இல் அதை அகற்றிவிட்டு மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினை வைத்தார்கள். அந்தப் பெர்க்கின்ஸ் வகை எஞ்சின்களைச் சென்னையில் செம்பியத்திலுள்ள சிம்சன் கம்பெனி தயாரித்தது. 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அங்கேயே மாசி ஃபெர்குசன் டிராக்டர்களை உருவாக்கியது. இங்கிலாந்துக் குளிரில் ஓர் எஞ்சின் தோற்றதும் மற்றொன்று வென்றதும், தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் வயலுழும் எஞ்சினை முடிவுசெய்தன எனலாம். காலைக் குளிரில் கிளம்புமா என்பது சிறு கேள்வியன்று.

கற்பிக்கும் இடங்களும் நம் பகுதியில் தோன்றின. 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரி, தொடக்கத்திலேயே மோட்டார் வாகனப் பொறியியலைத் தனிப் பாடமாக வைத்தது. பின்னர், 1980-ஆம் ஆண்டையொட்டி அம்பாசடர் கார் டீசல் எஞ்சினோடு வெளிவந்தபோது, வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஹீட்டர் பிளக்குக்காகச் சில நொடிகள் காத்திருக்கவும், குளிர்ந்த எஞ்சினின் குரலைப் பொறுத்துக்கொள்ளவும் பழகினார்கள். 1990-களின் இறுதியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் வந்தன. மறைமலை நகரில் கார் உற்பத்தி 2022-இல் நின்றது. அங்கு உருவான டீசல் கார்கள் பல இன்னும் சாலையில் ஓடுகின்றன.

ஓசையைத் தணிக்கும் பெரிய மாற்றம் 'காமன் ரெயில்' என்னும் முறையால் வந்தது. 1995-இல் ஜப்பானிய லாரியிலும் 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரிலும் அது இடம்பெற்றது. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில், 1,300 பாருக்கு மேலும் உயரக்கூடிய அழுத்தத்தில் எண்ணெய் காத்திருக்கும். மின்கருவி ஆணையிட்டதும் முதலில் ஒரு துளி எண்ணெய் மட்டும் உள்ளே போகும். அது எரிந்து அறையைச் சூடாக்கும். பின்னர் வரும் பெரும்பங்கு எண்ணெய் தயங்காமல் பற்றிக்கொள்ளும். அடுப்பில் முதலில் சுள்ளியை மூட்டிவிட்டுப் பின் விறகை வைக்கும் நம் பாட்டிமாரின் முறையே இது. ரிக்கார்டோ கண்ட தாமதக் காலத்தை அறிந்திராவிட்டால் இந்த மருந்து தோன்றியிராது.

இனி, இவ்வரலாறு நமக்குத் தரும் பயனைப் பார்ப்போம். அன்று ஆய்வாளர்கள் ஓசையைக் கேட்டு அஞ்சாமல், அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று வினவினார்கள். அதே வினாக்கள் இன்று நம் தெருவோரப் பட்டறைக்கும் பொருந்தும்.

முதல் வினா: ஓசை எவ்வளவு நேரம் நீடிக்கிறது? கிளப்பியதும் இரண்டு மூன்று நொடிகள் மட்டும் சலசலத்து மறைந்தால், இரவில் கீழே வடிந்த ஆயில் மேலேறும்வரை டைமிங் செயினோ டேப்பட்டோ வறண்டு ஓடியது என்று கொள்ளலாம். அந்த நொடிகள் நாளுக்கு நாள் நீண்டால் ஆயிலையும் செயினின் இறுக்கியையும் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் மறைந்தால் அது எரிவின் ஓசையாக இருக்கலாம். அல்லது, தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் மோதும் மந்தமான ஓசையாக இருக்கலாம். பிஸ்டன் சூட்டால் விரிந்ததும் இடைவெளி அடைபட்டு அது அடங்கும். எஞ்சின் சூடாகச் சூடாக வளரும் ஓசையே அஞ்சத்தக்கது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும்; தேய்ந்த பேரிங்கில் அது தங்காது; உலோகம் உலோகத்தை அடிக்கும். அத்தகைய ஆழ்ந்த தட்டோசையோடு ஆயில் விளக்கும் எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். "பட்டறைவரை ஓட்டிப் போய்விடலாம்" என்று எண்ணுவதே பல எஞ்சின்களின் இறுதிப் பயணமாக முடிந்திருக்கிறது.

இரண்டாவது வினா: ஓசை எங்கிருந்து வருகிறது? 1816-இல் பாரிஸ் மருத்துவர் லெனெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார்; ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கும் மெக்கானிக்குகளை நான் பெருஞ்சாலையோரம் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களும் லெனெக்கின் மாணவர்களே. மேலே கேட்டால் டேப்பட். முன்னே கேட்டால் செயின் அல்லது பெல்ட். பின்னே கேட்டால் கிளட்ச், ஃபிளைவீல். அடியில் கேட்டால் பேரிங். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் எழும் கிறீச்சொலி பெரும்பாலும் நனைந்த பெல்ட்டின் குரல்தான். சுழலும் விசிறியின் அருகே துண்டோ தளர்ந்த சட்டையோ போகலாகாது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

மூன்றாவது வினா: எதை மாற்றினால் ஓசை மாறுகிறது? கிளட்சை மிதித்ததும் ஓசை மாறினால் பெரும்பாலும் குற்றம் எஞ்சினுக்குள் இல்லை. வெண்புகையும் தடுமாற்றமும் கூடவே வந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் எண்ணெய் சரியாக எரியவில்லை; ஹீட்டர் பிளக்கையும் இஞ்செக்டரையும் சோதிக்க வேண்டும். நெடுநேரம் சுழற்றிய பின்னரே கிளம்பினால், எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். பழைய எஞ்சின்களில் ஒவ்வொரு இஞ்செக்டரின் குழாய் நட்டையும் சிறிதே தளர்த்தி, எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் ஓசை நிற்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யலாகாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் வெளியே தெரியும். உள்ளே கையையே இழக்க நேரும் கேடு விளையலாம். அங்கே கேட்பதற்குக் காதை விடக் கணினிக் கருவியே ஏற்றது.

இம்மூன்று வினாக்களையும் கேட்கவே கூடாத ஒரு காலை உண்டு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் பெருங்களத்தூரின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் மூழ்கின. வாசலில் நின்ற கார்களுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கவே எவருக்கும் கை துடிக்கும். ஆனால் நீர் காற்றைப் போல அமுங்காது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 500 கன சென்டிமீட்டர், அமுக்க விகிதம் 18 என்று கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 29 கன சென்டிமீட்டர்தான். அதாவது இரண்டு மேசைக்கரண்டி நீர் உள்ளே இருந்தாலே பிஸ்டனுக்கு இடமில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடோடு எஞ்சின் எப்படியோ ஓடினால், மறுநாள் முதல் புதியதொரு தட்டோசை கேட்கும். அது குளிரின் ஓசையன்று. வெள்ளத்தில் நின்ற காரைக் கிளப்பாமல் இழுத்துச் சென்று, நீரை வெளியேற்றிச் சோதித்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

ஓசையைச் சரியாகக் கேட்பதோடு, அதைச் சரியாகச் சொல்லவும் பழக வேண்டும். "வண்டி சத்தம் போடுகிறது" என்று சொன்னால் மெக்கானிக் இருட்டில் தேடுவார். "கிளப்பியதும் மூன்று நொடி சலசலக்கிறது, முன்பக்கம் கேட்கிறது, ஒரு மாதமாக நீள்கிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். மற்றொன்றும் உண்டு. காலையில் ஓசையிட்ட காரைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றால், அங்கே போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடேறிவிடும், ஓசை மறைந்துவிடும், மெக்கானிக் உங்களை ஐயத்தோடு பார்ப்பார். வளரும் தட்டோசையும் ஆயில் விளக்கும் இல்லையெனில், முதல்நாள் மாலையே காரை அங்கே விட்டு வாருங்கள். இரவெல்லாம் அது குளிரட்டும். விடிந்ததும் மெக்கானிக் தம் கையாலேயே சாவியைத் திருப்பி, அந்த முதல் சில நொடிகளைத் தம் காதாலேயே கேட்கட்டும்.